இருபத்துமூன்று இடது கால்கள்

பிராகா பேருந்து நிலையத்தில் மழை.
வண்டியின் அடிவயிற்றிலிருந்து
கறுப்புப் பெட்டிகள்
ஒரு தாய் பிள்ளைகள் போல் இறங்கின.
என் பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருப்பேன்.
உலகத்தில் சிவப்பு நாடா கட்டும் புத்திசாலி
நான் ஒருவன்தான் என்று
அன்று காலைவரை நம்பியிருந்தேன்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு.
ஊர் ஊராய்ப் போய் மூடியைத் திறப்பேன்.
உள்ளே சீப்பு கிடக்கும், சதுரங்க ராணி கிடக்கும்,
ஒருமுறை வியானாவில் முழுப் பல்செட் கிடைத்தது.
வீட்டுக்காரர் அதை வாங்கிச் சட்டையில் துடைத்து
அங்கேயே மாட்டிக்கொண்டு
நன்றி சொன்னார், நான்கு வருடங்களில்
முதல்முறையாகத் தெளிவாக.

எதைத் திறந்தாலும் முகம் மாறக்கூடாது.
அது எங்கள் தொழில் தர்மம்.

ஆனால் பள்ளிக்கூட மண்டபத்தில்
தலைமையாசிரியை சுல்மிரா அம்மாள் பார்க்க,
பாட்டுக் குழுப் பிள்ளைகள் முப்பது பேர் பார்க்க,
பெட்டியைத் திறந்தபோது மாறிவிட்டது.

ஷூக்கள்.
வேறென்ன செய்ய, எண்ணினேன்:
இருபத்துமூன்று.
எல்லாம் இடது கால்.

"அந்த மாமாவுக்கு எத்தனை கால்?" என்றது ஒரு குரல்.
"எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும் போல" என்றது இன்னொன்று.
சுல்மிரா அம்மாள் மட்டும்
மிகுந்த மரியாதையோடு கேட்டார்:
"இதை வைத்து எப்படிச் சுருதி சேர்ப்பீர்கள்?"

அதே நேரத்தில் கிமரைஸில்,
ஷூ கம்பெனிப் பிரதிநிதி அதெரித்து கின்தேலா
என் பெட்டியைக் கடைக்காரர் மேசைமேல் வைத்து,
"இந்தப் பருவத்தில் எங்கள் மிக மென்மையான படைப்பு"
என்று மனப்பாடமாய்ச் சொல்லித்
திறந்திருக்கிறார்.
சுருதிச் சாவி. ரப்பர் ஆப்புகள் பதினொன்று.
செய்தித்தாளில் சுற்றிய அரை மீன்வடை.
என் உள்பனியன்.
கடைக்காரர் பனியனை வெளிச்சத்தில் பிடித்து
தையலைப் பார்த்து
விலை கேட்டாராம்.

தொலைபேசியில் முதலில் இதைத்தான் சொன்னார்.
பிறகு நான் கேட்டேன், ஏன் எல்லாமே இடது?
"ஜோடியாக இருந்தால் திருடிவிடுவார்கள்.
ஒற்றையை எடுத்து எவன் என்ன செய்வான்?"
அப்படியானால் வலது?
"வலதெல்லாம் ருஃபீனோவிடம். அவர் தெற்குப் பக்கம்.
எங்கள் இருவரையும் கம்பெனி
ஒரே ஊருக்கு அனுப்பாது.
கிறிஸ்துமஸ் விருந்துகூட
அவருக்கு வெள்ளி, எனக்குச் சனி."

என் ஷூ இரண்டும் மழையில் ஊறிப்போயிருந்தன.
ஒற்றையை எடுத்து எவன் என்ன செய்வான்?
நான் இரண்டு ஒற்றைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு
நிலையத்துக்குக் கிளம்பினேன்.

இடது கால் ஒழுங்காகத்தான் வந்தது.
வலது கால்
மனைவி வீட்டு விசேஷத்துக்குப் போவது போல
வேண்டாவெறுப்பாய், சுற்றிக்கொண்டு வந்தது.
ஒரே மருந்துக்கடைக்காரருக்கு
இரண்டு முறை மாலை வணக்கம் சொன்னேன்.
இரண்டாம் முறை அவரே ஒரு நாற்காலி போட்டார்.

அதெரித்து என் கால்களைப் பார்த்தார்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து
என் கட்டைவிரல் இருக்குமிடத்தை அழுத்தி,
"இங்கே கொஞ்சம் பிடிக்குதோ?" என்றார்.

பிடித்தது. வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பியானோ சுருதிக்கு வந்தது,
ஒரே ஒரு கட்டை தவிர.
அதற்கடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்
என்னைவிட மூத்தது.

போன மாதம் ஃபாரோவில், விடுதி வரவேற்பறையில்
ஒருவர் கறுப்புப் பெட்டியோடு நின்றார்.
கைப்பிடியில் சிவப்பு நாடா.
நான் என் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.
ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம்,
ஐயா, நீங்கள் ருஃபீனோவா என்று.

என் கட்டிலுக்கடியில் இருக்கிறது
அதெரித்து ஞாபகமாய்க் கொடுத்த
பழுப்பு நிற இடது, நாற்பத்திரண்டாம் அளவு.
சில்லறைக் காசும் சாவியும் அதில்தான் போடுகிறேன்.
கேட்டிருந்தால் அது ஜோடியாகியிருக்கும்.
ஜோடியாகிவிட்டால்
பிறகு போட்டுக்கொண்டு
வேலைக்கல்லவா போக வேண்டும்.